மேல் வீட்டுத் தண்ணீரும் எங்கள் வீட்டுப் பட்டியலும்

இரண்டாம் மாடிவாசி:

வாடகை வீட்டில் இருப்பவர்கள் காப்பீட்டில் பட்ட அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் மாலை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். படுக்கையறைக் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மேல் வீட்டில் சலவை இயந்திரத்துக்குத் தண்ணீர் வரும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. இயந்திரம் வாங்கிய நாளிலிருந்து அதை மாற்றவே இல்லையாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும் என்பது எனக்கும் அன்றுதான் தெரியும். மெத்தை, மடிக்கணினி, இரண்டு அலமாரிப் புத்தகங்கள், மகளின் கீபோர்டு எல்லாம் ஊறிக் கிடந்தன.

வீட்டு உரிமையாளர் உடனே ஓடி வந்தார். நல்ல மனிதர். "கவலைப்படாதீர்கள், கட்டடத்துக்கு முழுக் காப்பீடு இருக்கிறது" என்றார். அதைக் கேட்டுத்தான் அன்றிரவு தூங்கினேன். இரண்டு நாள் கழித்து அவருடைய காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்தார். கூரையை அளந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், தரையின் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். மெத்தையை மட்டும் சுற்றிக்கொண்டு நடந்தார். ஏன் என்று கேட்டேன். "இவை குடியிருப்பவரின் பொருட்கள். இந்தப் பாலிசியில் வராது" என்றார். வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இதைப் பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

நல்ல வேளையாக எனக்கென்று ஒரு பாலிசி இருந்தது. வாகனக் காப்பீட்டைப் புதுப்பித்தபோது, அதோடு வீட்டுப் பொருட்களுக்கான காப்பீட்டையும் சேர்த்து எடுத்தால் தள்ளுபடி என்றார்கள். இருந்ததிலேயே பிரீமியம் குறைந்த திட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். அது தேய்மானம் கழித்த மதிப்பை மட்டும் தரும் திட்டம் என்பது இழப்பீடு கைக்கு வந்தபோதுதான் விளங்கியது. மடிக்கணினிக்கு வயது ஆறு. அதற்குக் கிடைத்த தொகை புதியதன் விலையில் கால் பங்குகூட இல்லை. அதே பொருளைப் புதிதாக வாங்கும் விலையைத் தருகிற திட்டமும் அன்று இருந்தது. பிரீமியம் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

அதைவிட என்னை வாட்டியது பட்டியல். என்னென்ன பொருள், எப்போது வாங்கியது, என்ன விலை, ஆதாரம் எங்கே என்று வரிசையாகக் கேட்டார்கள். உறவினர் வீட்டில் நள்ளிரவு தாண்டியும் நானும் மனைவியும் நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருந்தோம். ஐந்து வருடம் வாழ்ந்த வீட்டில் என்ன இருந்தது என்று எங்களுக்கே முழுதாகத் தெரியவில்லை. கடைசியில் கைகொடுத்தவை மகளின் பிறந்தநாள் படங்கள். அவளுக்குப் பின்னால் அலமாரியும் கீபோர்டும் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் படங்களையே ஆதாரமாக ஏற்றுக்கொண்டார்கள்.

வீடு காயும் வரை 11 நாட்கள் வெளியே தங்கினோம். அறை வாடகையும், வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆன சாப்பாட்டுச் செலவும் பாலிசியிலிருந்து வந்தன. ரசீதுகளை மனைவி ஓர் உறையில் சேர்த்து வைத்திருந்தார். அதனால் வாதாட வேண்டியிருக்கவில்லை.

மேல் வீட்டுக்காரி:

உங்கள் பதிவைப் படித்ததும் மனம் கனத்தது. நான் உங்கள் கதையில் மேலே இருந்தவர்களைப் போன்றவள். எங்கள் கட்டடத்தில் பழுதுபார்ப்புக்காகத் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, மூட மறந்து வெளியே போய்விட்டேன். தண்ணீர் மீண்டும் வந்தபோது குழாய்க்குக் கீழிருந்த தொட்டியின் வடிகாலைத் துணி அடைத்திருந்தது. கீழ் வீட்டில் தனியாக இருந்த ஒரு பெரியம்மாவின் கூடமே நனைந்துவிட்டது.

என் பாலிசியில் மற்றவர்களுக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்பும் சேர்ந்திருந்தது. எடுக்கும்போது அந்தப் பகுதியை நான் பொருட்படுத்தவே இல்லை. கட்டடத்துக்கு இழப்பீடு கொடுத்த நிறுவனம் அந்தத் தொகையைக் கேட்டு எனக்குக் கடிதம் அனுப்பியபோது, அதை என் நிறுவனம்தான் எதிர்கொண்டது. அந்தப் பாதுகாப்பு மட்டும் இல்லாதிருந்தால் பல ஆண்டுச் சேமிப்பு போயிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "எல்லாவற்றுக்கும் நானே பணம் தருகிறேன்" என்று அந்தப் பெரியம்மாவிடம் சொல்லிவிடத் துடித்தேன். அப்படி எந்த வாக்கும் கொடுக்க வேண்டாம், முதலில் எங்களிடம் சொல்லுங்கள் என்று நிறுவனத்தில் சொன்னார்கள். பணப் பேச்சை அவர்களிடம் விட்டுவிட்டு, ஈரத் துணிகளைப் பிழிந்து போடவும் நாற்காலிகளைத் தூக்கவும் போனேன். "அம்மா, என்னால்தான் உங்களுக்கு இந்தச் சிரமம்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பகிர்ந்து குடியிருப்பவன்:

என் அனுபவம் நாலு வரிதான். நண்பனும் நானும் ஒரே வீட்டில் வாடகையைப் பாதிப் பாதியாகக் கொடுத்து இருந்தோம். பாலிசி அவன் பெயரில். வீட்டுக்குத்தானே காப்பீடு, எனக்கும் சேர்த்துத்தான் என்று நம்பினேன். திருட்டு நடந்தபோது அவன் பொருளுக்குப் பணம் வந்தது, என் கேமராவுக்கு வரவில்லை. பாலிசியில் என் பெயர் இல்லை. சேர்ந்து வாழ்பவர்கள் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கணக்கு நோட்டு:

காப்பீட்டைத் தனியாகப் பார்க்காமல் மாதச் செலவோடு வைத்துப் பார்ப்பது என் பழக்கம். இழப்பு நேரும்போது முதலில் ஒரு தொகையை நாமே ஏற்க வேண்டும், அதற்கு மேல்தான் நிறுவனம் தரும். அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டால் பிரீமியம் குறையும். நான் கூட்டிக்கொண்டேன். ஆனால் அதே தொகையைத் தனிக் கணக்கில் முழுதாகப் போட்டு வைத்த பிறகுதான் அப்படிச் செய்தேன். கையில் அந்தப் பணம் இல்லாதவர்கள் பிரீமியத்தில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது ஆபத்து.

மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன. ஒரு மாதம் தண்ணீர்க் கட்டணம் ஏறியது. இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைக் குறித்து வைத்தேன். காலையில் எண் நகர்ந்திருந்தது. கழிப்பறைத் தொட்டியில் கொஞ்சம் சாயம் கலந்து, தண்ணீர் திறக்காமல் கால் மணி நேரம் காத்திருந்தேன். கீழே கிண்ணத்தில் நிறம் இறங்கியது. ஒரு சின்ன ரப்பர் அடைப்பான் தேய்ந்துபோயிருந்தது. உரிமையாளர் மாற்றிக் கொடுத்தார். இப்போதெல்லாம் புது வீடு பார்க்கும்போது வாடகையோடு நிற்பதில்லை. போன வருட மின் கட்டணத்தையும் பராமரிப்புக் கட்டணம் எப்போது கூடும் என்பதையும் கேட்டுவிட்டுத்தான் ஒப்பந்தத்தைத் தொடுகிறேன்.

இரண்டாம் மாடிவாசி:

பட்டியலை எப்படிச் செய்வது என்று ஒரு தங்கை தனிச் செய்தியில் கேட்டிருந்தார். இப்போது நாங்கள் செய்வது இதுதான். வருடத்துக்கு ஒருமுறை, பாலிசி புதுப்பிக்கும் வாரத்தில், கைப்பேசியில் வீடியோ எடுத்தபடி ஒவ்வோர் அறையாக நடக்கிறோம். இழுப்பறைகளையும் அலமாரிகளையும் திறந்து காட்டுகிறோம். மின்சாதனங்களின் பின்புறத்தில் இருக்கும் வரிசை எண்ணைக் கிட்டத்தில் எடுக்கிறோம். வாங்கிய மாதத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் அரை மணி நேரம் ஆகும்.

நகைக்குப் பெரும்பாலும் தனி உச்சவரம்பு இருக்கும். அதற்கு மேல் மதிப்புள்ளதைத் தனியாக எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆறு பெருகி வீட்டுக்குள் புகும் வெள்ளமும் நிலநடுக்கமும் பல பாலிசிகளில் இருப்பதில்லை. உங்கள் இடத்துக்கு அந்த அபாயம் உண்டென்றால் தனியே கேளுங்கள். எடுத்த வீடியோவை அதே வீட்டில் இருக்கும் கணினியில் மட்டும் வைக்காதீர்கள். எங்களுடையதன் ஒரு பிரதி என் அக்காவின் கைப்பேசியில் இருக்கிறது.