கடலடி கேபிளே பெரிய நெட் கம்பெனிகளுடையது என்றால் நமக்கு என்ன ஆபத்து?

கேள்வி (கல்லூரி மாணவன்):
அமெரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்குப் போகும் மரேயா (Marea) கேபிளை 2017இல் போட்டு முடித்தவர்களில் மைக்ரோசாஃப்டும் ஃபேஸ்புக்கும் உண்டு. சிலிக்குப் போகும் கியூரி கேபிள் கூகுளுடையது. நெட் வேகமாகத்தானே ஆகும்? இதில் என்ன கெட்டுப்போகும்?

பதில் 1 (வேளாண் தளம் நடத்துபவர்):
தம்பி, கேபிள் போடுவது தப்பில்லை. யார் எதைப் பார்க்கலாம் என்று போட்டவரே முடிவு செய்தால்தான் சிக்கல். அது இங்கேயே நடந்தது. 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து இன்டர்நெட்.ஆர்க் என்ற சேவையைத் தொடங்கியது. அதில் சேர்ந்த சில தளங்களை மட்டும் டேட்டா கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். முதல் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பிறகு அதற்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். நெல் நோய்கள் பற்றி அப்போது நான் ஒரு சின்னத் தளம் வைத்திருந்தேன். சேரலாமா என்று விதிகளைப் படித்தேன். வீடியோ கூடாது, பெரிய படம் கூடாது, ஜாவாஸ்கிரிப்ட் (தளத்தின் பக்கத்தை இயக்கும் நிரல்) கூடாது. இலை எப்படிக் கருகுகிறது என்று படம் போடாமல் விவசாயிக்கு எப்படிப் புரிய வைப்பது? அதோடு எல்லாப் போக்குவரத்தும் அவர்களுடைய சர்வர் வழியாகத்தான் போகும். நான் விண்ணப்பிக்கவே இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு மின்னஞ்சல் எழுதினேன்.

பதில் 2:
ஒன்றுமே இல்லாதவர்களுக்கு அந்த அளவாவது கிடைத்ததே, அண்ணா?

பதில் 1:
அந்தக் கேள்வி நியாயமானது, எனக்கும் உறுத்தியது. ஆனால் ஏழைக்குக் கொஞ்சம் டேட்டாவை இலவசமாகக் கொடுத்து, எந்தத் தளம் என்பதை அவரிடமே விட்டிருக்கலாமே? 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் கூடாது என்று டிராய் உத்தரவு போட்டது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய் அபராதம். அதோடு ஃப்ரீ பேசிக்ஸ் இங்கே நின்றது.

பதில் 3:
ஹோஸ்டிங்கையும், அதாவது தளங்களைத் தன் சர்வரில் வைத்து நடத்திக் கொடுக்கும் சேவையையும் பாருங்கள். 2021 ஜனவரியில் அமேசான் தன் சர்வரிலிருந்து நீக்கியதும் பார்லர் (Parler) என்ற அமெரிக்க சமூக வலைத்தளம் முடங்கிப்போனது. அங்கே நடந்த வன்முறைப் பேச்சு எனக்கு அருவருப்பானது. ஆனாலும் ஒரு கம்பெனி நினைத்தால் ஒரு தளமே காணாமல் போகும் என்பது பயமாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
சரி, டிராய் உத்தரவு கேபிள் வைத்திருப்பவரையும் கட்டுப்படுத்துமா?

பதில் 1:
இல்லை தம்பி. டெலிகாம் கம்பெனி நம்மிடம் வாங்கும் டேட்டா கட்டணத்துக்கு மட்டும்தான் அது. கேபிளின் சொந்தக்காரர் யாருக்கு எவ்வளவு இடம் கொடுப்பார் என்பதை அது தொடவில்லை.