‘இரட்டைக் குருட்டு ஆய்வு’ வேண்டாம், ‘பிரிவுக்காப்பு’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஆங்கிலத்து ‘டபுள் பிளைண்ட்’ ஆய்வை ‘இரட்டைக் குருட்டு ஆய்வு’ என்கிறோமே, அதற்கு நல்ல தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் ‘நோயரறியா ஆய்வு’ என்று முதலில் எழுதியது நான்தான். அதை இன்று திரும்பப் பெறுகிறேன். ஏன் என்பதையும், அதற்குப் பதில் எதைச் சொல்லலாம் என்பதையும் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகத் தொடக்கத்தை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். மருத்துவ ஆய்வில் ஒரு பிரிவினருக்குப் புது மருந்து போகும், இன்னொரு பிரிவினருக்குப் பழைய மருந்தோ மருந்தில்லாத துளியோ போகும். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியக் கூடாது, பலனை அளக்கிறவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் மனம் சாய்ந்துவிடும். புது மருந்து போட்டிருக்கிறார்கள் என்று நம்புகிறவர் எழுத்துப் பலகையில் அடுத்த வரியையும் முயன்று பார்ப்பார். அளக்கிறவரும் “இன்னொரு தடவை நிதானமாப் பாருங்கம்மா” என்பார். அதிலேயே நாலு எழுத்து கூடிவிடும். அந்த நாலு எழுத்து மருந்தால் வந்ததா, ஆசையால் வந்ததா என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. இப்படி இரு தரப்புக்கும் சொல்லாமல் நடத்தும் ஆய்வுக்குத்தான் ‘இரட்டைக் குருட்டு ஆய்வு’ என்ற பெயர் படிவங்களில் புழங்குகிறது.

அந்தப் பெயர் கூடாது என்று எனக்கு உறைத்த இடம் கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கூடம். சர்க்கரை நோயால் விழித்திரையில் நீர் கோத்தவர்களுக்கான ஊசி ஆய்வு. எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டுவது என் வேலை. பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நேராக வந்திருந்தார் ஓர் அம்மா, அறுபதை ஒட்டிய வயது. சாட்சிக்குப் பள்ளி ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா அத்தனை பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார். ஊசி போட்ட மறுநாள் மலையேறி வேலைக்குப் போகலாமா, அன்றைய சம்பளம் போனால் யார் கொடுப்பார்கள் என்று சரியான கேள்விகளும் கேட்டார். பெருவிரலில் மை தடவியாயிற்று. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துப்போன விரல். மை தனியாகத் தெரியவே இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மிச்சம் இருந்தது. “இது ஓர் இரட்டைக் குருட்டு ஆய்வாகும்” என்று வாசித்தேன். நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

“எனக்கு ஒரு கண்ணுதானே மங்கல், சாமி. ரெண்டையும் குருடாக்குவீங்களா?”

பதறிப்போய் விளக்கினேன். கேட்டார், தலையாட்டினார், கையை மட்டும் திரும்ப நீட்டவில்லை. முந்தானையில் மையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஆய்வில் சேராமல் இருப்பது அவருடைய உரிமை, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்காக அவர் போனார் என்பது இன்னும் உறுத்துகிறது. அவர் புரிந்துகொண்டதில் பிழையும் இல்லை. கண்ணைப் பற்றிப் பேசும்போது ‘இரட்டை’ என்றால் இரண்டு கண், ‘குருட்டு’ என்றால் குருடு. தமிழ் தெரிந்த யாருக்கும் முதலில் அப்படித்தான் கேட்கும். ஆங்கிலத்திலும் இதே சங்கடம் வந்துதான் கண் மருத்துவ இதழ்கள் ‘பிளைண்டட்’ என்பதை விட்டு ‘மாஸ்க்டு’ என்று எழுதுகின்றன. அவர்களே கைவிட்டதை நாம் தமிழாக்கி வைத்திருக்கிறோம்.

> படிவத்தில் ஒரு வரிதானே, அதை எடுத்துவிட்டால் போயிற்று.

எடுக்க முடியாது, தம்பி. யாருக்கு எது என்று சொல்லப்படாது என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், அது ஒப்புதலின் பகுதி. ஒப்புதல் இல்லாமல் ஆய்வு இல்லை, ஆய்வு இல்லாமல் எங்களுக்கு மருந்து தெரியாது. தேயிலைக் குச்சியோ காய்கறித் தோட்டத்து மண்ணோ கண்ணில் பட்டு, கருவிழியில் புண்ணாகி வருகிறவர்களை இந்த மலையில் தொடர்ந்து பார்க்கிறோம். அது பூஞ்சைப் புண்ணாக இருந்தால் பழைய நாடாமைசின் துளியா, புதிய வோரிகொனசோல் துளியா? 2010, 2011 ஆண்டுகளில் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 பேரைச் சேர்த்து, இரு தரப்புக்கும் சொல்லாமல் நடத்திய ஆய்வு அதற்கு விடை தந்தது. நாடாமைசினே மேல் என்று 2013-இல் வெளியிட்டார்கள். அந்த 323 பேரும் நம்பிச் சேர்ந்ததால்தான் இன்று எங்களால் தயங்காமல் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுக்க முடிகிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> இருபுற மறைப்பாய்வு எளிது. அதையே வைத்துக்கொள்வோம்.

மதுரைப் பேராசிரியர் ஐயா எழுதியது. ஏட்டில் பார்த்தால் எளிதுதான். ஆனால் கண் சிகிச்சையில் மறைப்பு என்பது தினமும் கையாளும் வேறொரு காரியம். சோம்பேறிக் கண் உள்ள பிள்ளைக்கு நல்ல கண்ணை ஒட்டி மறைக்கிறோம். பார்வை அளக்கும்போது “இடது கண்ணை மறைங்க” என்கிறோம். நோயாளி உட்கார்ந்ததும் சொல்வதே “பார்வை மறைக்குது” என்றுதான். அதோடு, மறைக்கிறார்கள் என்றால் எதையோ ஒளிக்கிறார்கள் என்ற சந்தேகமும் சேர்ந்தே வரும். ‘மறைவு’ என்று சுருக்கினால் இரங்கல் செய்தி ஆகிவிடும். ‘முகமூடி ஆய்வு’ பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருடன்தான் கண்முன் வருகிறான்.

அதனால்தான் ‘அறியா’ என்று போனேன். நோயரறியா, அளப்போரறியா, இருதரப்பறியா என்று வரிசையாக வந்ததும் நிறைவாக இருந்தது. ‘ஊரறியா’ என்பது போல வாயில் புரளும் அமைப்பு. அப்புறம் குன்னூர் வழக்கறிஞர் அம்மா இதை எழுதினார்:

> ‘நோயரறியா ஆய்வு’ என்றால் நோயாளிக்கே தெரியாமல் அவர்மேல் நடத்தும் ஆய்வு என்றுதான் படிப்பார்கள். அது குற்றம்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொல்வது முழுக்கச் சரி. எதை அறியவில்லை என்பது சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். அவர் அறியாதது ஒன்றே ஒன்றுதான்: தான் எந்தப் பக்கம் விழுந்தோம் என்பது. அந்தப் பக்கத்துக்கு என்ன பெயர்? ‘குழு’ என்றால் எஸ்டேட்டில் மகளிர் குழு. கடன் தவணைதான் ஞாபகம் வரும். ‘அணி’ கட்சிக்காரர்களுடையது. ‘மருந்து’ என்றே வைத்தால், லேசர் சிகிச்சையையும் ஊசியையும் ஒப்பிடும் ஆய்வுக்குப் பொருந்தாது. ‘பிரிவு’ நிற்கிறது. பள்ளிக்கூடத்து ஏ பிரிவு, பி பிரிவு எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிப் பலகையில் ‘கண் பிரிவு’ என்று இருப்பது சின்ன இடைஞ்சல்தான், ஆனால் பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆகவே பெயரடையாக ‘பிரிவறியா’.

மிச்சம் இருப்பது பெயர்ச்சொல். அறியாமை என்றால் வேறு பொருள். இங்கேதான் பல நாள் திணறினேன். கடைசியில் ‘காப்பு’ கைகொடுத்தது. அமைச்சர்கள் பதவியேற்கும்போது ரகசியக் காப்புப் பிரமாணம் எடுக்கிறார்கள் அல்லவா? தனக்குத் தெரிந்ததை உரிய நேரம்வரை வெளியே விடாமல் வைத்திருப்பது அந்தக் காப்பு. இன்னொரு காப்பு மாரியம்மன் திருவிழாவில் கட்டுவது. கட்டின நாள் முதல் அவிழ்க்கும் நாள்வரை கட்டுப்பாடு; இடையில் அதை மீறக் கூடாது, முடிந்ததும் ஊரறிய அவிழ்க்க வேண்டும். ஆய்வில் நடப்பதும் இதுவேதான். ஆகவே பிரிவுக்காப்பு. முடிவில் பட்டியலைத் திறந்து காட்டுவது காப்பவிழ்ப்பு. நோயாளிக்கு ஆபத்து என்றால் அவர் ஒருவருக்கு மட்டும் ஒட்டிய உறையைப் பிரித்துப் பார்ப்பது அவசரக் காப்பவிழ்ப்பு. காப்பு என்று தனியாக நிறுத்தினால் காப்பீடு, காப்புரிமை இரண்டோடும் குழம்பும். ஆய்வுப் படிவத்தில் இழப்பீட்டுப் பேச்சு வேறு வரும். அதனால் ‘பிரிவு’ ஒட்டியே இருக்கட்டும்.

இந்தச் சொல்லை உண்மையான ஆய்வுகளில் உரசிப் பார்த்தேன். பிள்ளைகளின் கிட்டப்பார்வை கூடாமல் தடுக்க அட்ரோபின் துளி உதவுமா என்று சிங்கப்பூரில் 400 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. ஒரு கண்ணில் மட்டும் ஒரு சதவீத அட்ரோபின், அல்லது மருந்தில்லாத துளி. ஆனால் அட்ரோபின் போட்டால் கண்பாப்பா விரிந்துவிடும். அம்மா பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதை ‘மறைப்பு தோற்றது’ என்று எழுதினால் யாரோ ஏமாற்றியது போல் இருக்கிறது. ‘காப்பு தளர்ந்தது’ என்றால் நடந்தது அப்படியே விளங்குகிறது. இன்னொன்று, முதுமையில் வரும் விழித்திரை மையச் சிதைவுக்கு ரானிபிசுமாப் ஊசியையும் விலை மிகக் குறைந்த பெவாசிசுமாப் ஊசியையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு. 2011-இல் வந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். மருத்துவமனைக்குள் காப்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போன காப்பீட்டு பில்லில் ரானிபிசுமாப் பெயர் இருந்தது, பெவாசிசுமாப் பெயர் இல்லை. நோயாளிகள் ஊகித்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். காப்பு எங்கெல்லாம் அவிழும் பாருங்கள்! ஒரு பில் போதும்.

‘இரட்டை’ என்ற எண்ணையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. யார் அந்த இருவர்? நோயாளியும் மருத்துவருமா, நோயாளியும் அளப்பவருமா? ஆய்வறிக்கைகளுக்கான கான்சார்ட் நெறிமுறையே 2010-இல், யார் யாருக்குச் சொல்லவில்லை என்று பெயர் சொல்லி எழுதச் சொல்கிறது. ‘நோயர், அளப்போர் பிரிவுக்காப்பு’ என்று தமிழில் எழுதுவது ஒன்றும் கடினமில்லை. பல ஊசி ஆய்வுகளில் ஊசி போடுகிற மருத்துவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லாதபோது, ‘இரட்டை’ என்று பொதுவாகச் சொல்வது உண்மையும் ஆகாது.

கூடலூர் நண்பர் கேட்டிருந்த ‘ரேண்டம்’ பற்றிச் சுருக்கமாக. நம் பாடநூலில் சமவாய்ப்பு, இலங்கையில் எழுமாற்று. இரண்டும் நல்ல சொற்கள், கட்டுரையில் இருக்கட்டும். வாசித்துக் காட்டும் படிவத்தில் ‘குலுக்கல்’ போதும். உத்திரமேரூர்க் குடவோலையில் சின்னப் பையனை விட்டு ஓலை எடுக்கச் சொன்னதும், இன்று கணினியை விட்டு எடுக்கச் சொல்வதும் ஒரே காரணத்துக்காக.

மருந்தே இல்லாத ‘பிளேசிபோ’வுக்கு வைத்திருக்கும் ‘மருந்துப்போலி’தான் எனக்கு அடுத்த கவலை. அகராதியில் அழகான சொல். கூடத்தில் வாசித்தால் ‘போலி மருந்து’ என்று திரும்பிக் கேட்கிறது. போலி மருத்துவர் கைது என்று தினமும் செய்தி பார்க்கிறவர்கள் வேறெப்படிக் கேட்பார்கள்? கண்ணில் விடுவதற்கு ‘வெறுந்துளி’ என்று சொல்லிப் பார்க்கிறேன். 2006-இல் வந்த, 716 பேர் சேர்ந்த ரானிபிசுமாப் ஆய்வில் ஒரு பிரிவினருக்கு மரத்துப்போன கண்மேல் ஊசியில்லாத சிரிஞ்சை அழுத்தி எடுத்தார்கள். அதற்கு ‘போலி ஊசி’ கூடவே கூடாது. ‘வெற்றழுத்தம்’ என்று ஒன்று தோன்றுகிறது, இன்னும் மனம் ஒப்பவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

போன ஞாயிறு, திருத்திய வரிகளை எஸ்டேட் தொழிலாளர்களின் ஒரு லைன் வீட்டுத் திண்ணையில் பன்னிரண்டு பேருக்கு வாசித்துக் காட்டினேன். “நீங்கள் எந்தப் பிரிவு என்பது குலுக்கலில் முடிவாகும். அது உங்களுக்கும் சொல்லப்படாது, உங்கள் பார்வையை அளப்பவருக்கும் சொல்லப்படாது. ஆய்வு முடியும்வரை அந்த விவரம் காப்பில் இருக்கும். இதற்குப் பிரிவுக்காப்பு என்று பெயர்.” பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண், “பரீட்சைப் பேப்பர்ல டம்மி நம்பர் போடற மாதிரி” என்று பக்கத்தில் இருந்த பாட்டிக்குச் சொன்னாள். என்னைவிட நன்றாகச் சொன்னாள். விரலை மடக்கிக்கொண்ட அந்த அம்மாவும் அங்கே இருந்தார். வேறிடத்தில் ஊசி போட்டுக்கொள்கிறாராம், பார்வை பரவாயில்லையாம். வாசித்து முடித்ததும் ஒன்று கேட்டார்:

“கட்டுறது சரி, சாமி. காப்பு எப்ப அவுப்பீங்க? எங்களுக்குச் சொல்லுவீங்களா?”

படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன். நோயாளிக்கு எப்போது, யார் சொல்வார்கள் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. பழைய சொல்லை வைத்து வாசித்த காலமெல்லாம் யாரும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. ‘ஆய்வு முடிந்து காப்பவிழ்ப்பு நடந்ததும், நீங்கள் எந்தப் பிரிவில் இருந்தீர்கள் என்பது உங்களுக்கு நேரில் தெரிவிக்கப்படும்’ என்று ஒரு வரி சேர்த்து ஆய்வுத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன்.

படிவம் அடுத்த வாரம் நெறிமுறைக் குழுவுக்குப் போகிறது. பிரிவுக்காப்பு, பிரிவறியா, காப்பவிழ்ப்பு மூன்றிலும் மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள். வழக்கறிஞர் அம்மா கட்டாயம் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து