ஒளிவட்டம் எல்லா இடத்திலும் பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓவியக் கலைச்சொற்களைத் தமிழில் அமைக்கும் நம் பேச்சில் ஒரு நண்பர் கேட்டது:

> தலைக்குப் பின்னால் வரும் வட்டத்துக்கு 'ஒளிவட்டம்' என்று ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறதே. இஸ்லாமியச் சுவடி ஓவியத்துக்கு மட்டும் ஏன் வேறு சொல்?

ஐயா, புத்தருக்கும் இயேசுவுக்கும் அந்தச் சொல் போதும். பாக்தாத் ஓவியங்களில்தான் இடிக்கிறது. அல்-ஹரீரியின் 'மகாமாத்' என்ற அரபுக் கதைநூலுக்கு 1237-இல் யஹ்யா அல்-வாசித்தி படியெடுத்து, படமும் வரைந்த சுவடி பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. கதையின் நாயகன் அபூ ஸைத், நாவன்மையைக் காட்டி ஊர் ஊராக ஏமாற்றிப் பிழைப்பவன். அவன் தலைக்குப் பின்னால் பொன்வட்டம். பக்கத்தில் நிற்கிறவர்கள் பலருக்கும் அதே பொன்வட்டம். இதை 'ஒளிவட்டம்' என்று எழுதினால், "இவர் எந்த மகான்?" என்றுதான் வாசகர் கேட்பார். ஓவியர் சொல்லாத ஒன்றை நம் சொல் சொல்லிவிடுகிறது.

வடிவம் பைசாந்திய, சிரியக் கிறித்தவ ஓவியங்களிலிருந்து வந்தது. புனிதம் என்ற பொருள் அதனோடு கூடவே வரவில்லை. பின்னணிக்கு வண்ணம் பூசாத வெறும் தாளில், நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில், ஒவ்வொரு முகத்தையும் பிரித்துக் காட்ட அந்த வட்டம் உதவுகிறது. ஆகவே 'தலைவட்டம்' என்று வைத்துக்கொள்ளலாம். இருக்கும் இடத்தையும் வடிவத்தையும் மட்டும் சொல்கிற சொல்; பொருளைப் படத்திடமே விட்டுவிடுகிறது. 'பரிவேடம்', 'ஊர்கோள்' இரண்டும் அழகான சொற்கள்தான். ஆனால் அவை வானில் நிலவையும் கதிரவனையும் சூழும் வட்டத்துக்கு உரியவை, அங்கேயே இருக்கட்டும்.

அப்புறம் தீச்சுடர். மங்கோலியர் காலத்துக்குப் பிறகு பாரசீக ஓவியத்தில் வட்டத்தின் இடத்துக்குப் பொன்தழல் வருகிறது. நடு ஆசியப் பௌத்த ஓவியத்தின் சாயல் அதில் உண்டு. ஹெராத்தில் (இன்றைய ஆப்கானிஸ்தான்) 1436 வாக்கில் உருவான, நபிகளின் விண்ணேற்றத்தைச் சொல்லும் 'மிஃராஜ் நாமா'வில் நபிகளைச் சுற்றித் தழல் எழுகிறது. பாரசீக அரசர் ஷா தஹ்மாஸ்புக்காக 1539-43-இல் படியெடுக்கப்பட்ட, கவிஞர் நிஜாமியின் 'கம்சா' என்ற ஐந்து காவியத் தொகுப்பில் ஓவியர் சுல்தான் முகம்மது வரைந்ததாகக் கருதப்படும் விண்ணேற்றத்தில், நபிகளின் முகம் வெண்திரைக்குள் மறைந்திருக்க, தழல் தலையோடு நிற்காமல் உடலைச் சூழ்ந்து மேலே நீள்கிறது. எனக்கு இந்தப் படத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் நிறைந்துபோகும். இதைப் போய் வட்டம் என்பதா?

போன மடலில் இந்தத் தழலுக்குச் சொல்லப்பட்ட 'சுடர்முடி' காதுக்கு இனிமை. ஆனால் உடல் முழுதும் சூழும் தழலை முடி என்று சொல்ல முடியாது. 'திருவாசி' கிட்டே வருகிறது, அதிலும் சுடர்கள் உண்டு. என்றாலும் அது பீடத்திலிருந்து எழும் வளைவு, செப்புத்திருமேனியோடு பிரிக்க முடியாமல் ஒட்டிய சொல். 'சுடர்க்கொழுந்து' என்றால் தலையைச் சூழ்ந்தாலும் உடலைச் சூழ்ந்தாலும் பொருந்தும், தழலின் நெளிவும் கண்ணில் வரும்.

'ஒளிவட்டம்' வீணாகப் போகாது. முகலாயர் ஜஹாங்கீருக்கு அதையே வைப்போம். நூருத்தீன் என்று ஒளியைப் பட்டப்பெயரிலேயே வைத்துக்கொண்ட அரசர். அரசுரிமை இறைவனிடமிருந்து வரும் ஒளி என்று அவர் தந்தை அக்பரின் அவையில் இருந்த வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸல் எழுதியிருக்கிறார். ஜஹாங்கீரும் பாரசீக அரசர் ஷா அப்பாஸும் தழுவி நிற்கும், அவை ஓவியர் அபுல் ஹசனின் ஓவியத்தில், இருவருக்கும் பின்னால் கதிரவனும் பிறையும் சேர்ந்த ஒரே பெரிய வட்டம். அது ஒளியேதான்.

சரி, பெயர்ச்சொல் மூன்றும் ஆயிற்று. அடைமொழிக்கு என்ன செய்வது? 'தலைவட்டம் பெற்ற உருவம்' என்றால் யாரோ தகுதி பார்த்துக் கொடுத்தது போல ஆகிவிடுகிறது. 'தலைவட்ட உருவம்' சரியாக வருமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.