மெடூசாவின் தெப்பம்: அந்த இருட்டை எப்படிப் பிரதி எடுப்பது?

கேள்வி (கோட்டோவியன்):
பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1819இல் காட்சிக்கு வைத்த, மெடூசா கப்பல் விபத்தில் தெப்பத்தில் தத்தளித்தவர்களைக் காட்டும் 'மெடூசாவின் தெப்பம்' ஓவியத்தை எண்ணெய் வண்ணத்தில் 90 செ.மீ. அகலத்துக்குப் பிரதி எடுக்க வேண்டும். கிடைக்கிற படங்களில் நிழல் பகுதி முழுக்க வெறும் கரும்பழுப்பு. மூலமே அவ்வளவு இருட்டா? கடல் கொஞ்சம்தான் தெரிகிறது, ஆனாலும் மிரட்டுகிறதே, எப்படி?

பதில் (அடிப்பூச்சு):
இருட்டாக வரைந்ததுதான், ஆனால் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் தெரிகிற அளவுக்கு இல்லை. காரணம் பிட்டுமென், அதாவது தார் வகை. பூசிய புதிதில் ஆழமான, பளபளப்பான பழுப்பு தரும். ஆனால் எண்ணெயை ஒழுங்காகக் காயவிடாது. மேல்பூச்சு இறுகிய பிறகும் அடியில் இளகியே கிடக்கும். அது அசைய அசைய மேலே முதலைத்தோல் மாதிரி அகல அகலமாகப் பிளக்கும், நிறமும் கறுக்கும். இந்தச் சேதத்துக்குப் பயந்துதான் 1859–60இல் முழு அளவுப் பிரதி ஒன்றை எடுத்தார்கள். அது அமியான் நகரின் பிக்கார்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் (ஆளிவிதை):
பிட்டுமென் பக்கமே போகாதீர்கள். பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு வண்ணம்) இரண்டு பங்கு, அல்ட்ராமரின் நீலம் ஒரு பங்கு கலந்து, பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். அடியில் ஐவரி பிளாக் என்ற கறுப்பு வண்ணம் வேண்டாம், காய நாளாகும். முதல் பூச்சை டர்பன்டைன் விட்டு மெல்லிசாகப் போட்டு, மேலே போகப்போக ஆளிவிதை எண்ணெயைக் கூட்டுங்கள். தலைகீழாகச் செய்தால் தார் இல்லாமலே வெடிக்கும். மூலம் 491 × 716 செ.மீ.; உங்கள் அகலத்துக்கு உயரம் 61.7 வரும். 90க்கு 60 ரெடிமேட் கான்வாஸ் என்றால் 1.7 செ.மீ. அடிபடும்.

பதில் (பாய்மரம்):
கடலைப் பற்றி: பாயைப் பாருங்கள். காற்று அதை இடப்பக்கம் உப்ப வைக்கிறது, அங்கே பெரிய அலை எழும்பி நிற்கிறது. மீட்க வரும் ஆர்கஸ் கப்பலோ வலது ஓரத் தொடுவானத்தில். ஆட்கள் வலப்பக்கம் கை வீசுகிறார்கள், தெப்பம் எதிர்ப்பக்கம் போகிறது. மிரட்டல் அங்கேதான். 1816 ஜூலையில் தெப்பத்தில் இருந்தவர்களை நிஜத்தில் மீட்ட அன்று வெயிலும் அமைதியான கடலுமாக இருந்ததாகத்தான் பதிவு. இந்தப் புயல்வானம் ஜெரிக்கோ வேண்டுமென்றே சேர்த்தது. ஏறத்தாழ 147 பேர் ஏறிய தெப்பத்தில் 13 நாளில் எஞ்சியவர் 15 பேர் என்பதால், எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

கோட்டோவியன்:
நன்றி. இந்த அளவில் ஆர்கஸை எவ்வளவு பெரிதாகப் போடுவது?

பாய்மரம்:
நுனித் தூரிகையில் ஒரு புள்ளி, தொடுவான நிறத்தைவிட ஒரு படி மட்டும் அழுத்தமாக. பாய்மரம் பிரிந்து தெரிகிற மாதிரி வரைந்தால் கப்பல் கிட்டே வந்துவிடும்.