பயறு நிலத்துக் களைகள்: உழவும் பயிர் மாற்றமும் எங்கள் அனுபவத்தில்

வடபெரும்பாக்கத்திலிருந்து:

சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓட்டிய பிறகே கோரைக் களை பெருகிவிட்டது என்று மாதவரம் நண்பர் எழுதியிருந்தது முற்றிலும் உண்மை. நாங்கள் குத்தகைக்கு எடுத்த 60 சென்ட் நிலத்தில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து காராமணியே விதைத்து, ஒவ்வொரு முறையும் ரோட்டவேட்டரால் மண்ணைப் பொடியாக்கினோம். மூன்றாம் ஆண்டில் காராமணி முளைப்பதற்கு முன்பே கோரை ஊசி ஊசியாக எழுந்து நின்றது.

ஒரு நாள் களைக்கொத்தால் ஆழத் தோண்டிப் பார்த்தேன். கறுத்த கிழங்குகள் மெல்லிய சரடு ஒன்றில் மணி கோத்தாற்போல் வரிசையாக இருந்தன. முனையில் இருந்த கிழங்கு மட்டுமே முளைவிட்டிருந்தது. அந்தச் சரடு அறுபடாதவரை பின்னால் உள்ளவை பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். ரோட்டவேட்டர் கத்தி பட்டுத் துண்டானால் ஒவ்வொன்றும் தனிச் செடியாகிவிடும்.

அடுத்த சித்திரையில் கொக்கிக் கலப்பையால், இரண்டு வார இடைவெளியில் இருமுறை உழுது, புரண்டுவந்த கிழங்குகளை வெயிலில் காயவிட்டோம். ‘சித்திரை மாத உழவு பத்தரை மாத்துத் தங்கம்’ என்று பெரியவர்கள் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. நன்றாக உலர்ந்து சுருங்கிய கிழங்கு மீண்டும் முளைப்பதில்லை. ஆயினும் அடியில் தங்கியவை தப்பிவிட்டன. அவற்றை அடக்கியது அதன்பின் நட்ட சம்பா நெல்தான். சேற்றுழவும் தேங்கிய நீரும் மேட்டுநிலக் களைகளுக்கு ஒத்துவருவதில்லை. நெல்லுக்குப் பின் விதைத்த காராமணிக்கு, முன்பு மூன்று களையெடுப்பு தேவைப்பட்ட இடத்தில், ஒன்றே போதுமானதாயிற்று. முதல் 30 நாள் காப்பாற்றிவிட்டால், இலை மூடிக்கொண்டு நிழலே மற்றதைப் பார்த்துக்கொள்கிறது.

சோழவரத்திலிருந்து:

ஐயா, எங்கள் உளுந்து நிலத்தில் தொல்லை தருவது கோரை அன்று, தரையில் படரும் சாரணைக் களை. அதன் விதை மிகச் சிறியது. மேல்மண்ணில் கிடப்பதே முளைக்கிறது. ஓர் ஆண்டு, வட்டத் தட்டுகள் கொண்ட சட்டிக் கலப்பையால் ஆழ உழுது அதைப் புதைத்தோம். நல்ல பலன் கிடைத்தது. மறு ஆண்டும் அவ்வாறே உழுதபோது, புதைந்த விதைகள் மேலே வந்துவிட்டன. இப்போது நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் ஈரமாகவும் மென்மையாகவும் மெழுகு பதத்தில் இருக்கையில், நின்ற பயிரிலேயே உளுந்தைத் தெளித்துவிடுகிறோம். மண்ணைக் கிளறாததால் சாரணை வெகுவாகக் குறைந்தது. ஆனால் அறுத்த நெல்லின் அடித்தாள் மறுபடி துளிர்ப்பதையும் புல்வகைக் களைகளையும் கையால்தான் பிடுங்க வேண்டியிருக்கிறது.