சீப்ரா டானியோ குஞ்சுகள் எட்டாம் நாளில் இறந்துவிடுகின்றன: தவறு எங்கே?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ 100 லிட்டர் கொள்ளும் கலப்புத் தொட்டி (பல வகை மீன்கள் சேர்ந்து வாழ்வது) ஒன்றில் எட்டு சீப்ரா டானியோ, ஆறு செர்ரி பார்ப், ஐந்து கோரிடோரஸ், சில கப்பிகள் ஆகிய சிறு அலங்கார மீன்களை எட்டு மாதங்களாக வளர்த்து வருகிறேன். வெப்பநிலை 26 டிகிரி. மீன்களுக்கு நஞ்சான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பரிசோதனையில் பூஜ்யமாகவே இருக்கின்றன. காலையில் விளக்கு எரிந்த சிறிது நேரத்திற்கெல்லாம் டானியோக்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு செடிகளுக்குள் பாய்வதையும், அடுத்த நிமிடமே கோரிடோரஸ்கள் அதே இடத்தில் மணலைக் கிளறித் தின்பதையும் பார்த்தபோதுதான் இவை முட்டையிடுகின்றன என்பது எனக்குப் புரிந்தது.

எனவே ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் 10 லிட்டர் தொட்டிக்கு மாற்றினேன். மறுநாள் காலையில் அடியில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் கிடந்தன. மூன்றாம் நாள் பொரிந்து, கண்ணாடியில் ஊசிமுனைபோல ஒட்டிக்கொண்டிருந்தன. ஐந்தாம் நாள் நீந்தத் தொடங்கியதும், வழக்கமான உலர் தீவனத்தை விரலால் நன்கு பொடித்துத் தூவினேன். எட்டாம் நாளிலிருந்து வரிசையாக இறந்து, பத்தாம் நாளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, தண்ணீரும் கலங்கிவிட்டது. தவறு எங்கே நேர்ந்தது? தனித்தொட்டி வைக்காமல் கலப்புத் தொட்டியிலேயே சில குஞ்சுகளைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில் 1

முட்டை வரையில் நீங்கள் செய்தது அனைத்தும் சரி. உங்கள் குஞ்சுகள் தீவனத்தின் நடுவிலேயே பட்டினி கிடந்திருக்கின்றன என்பதுதான் என் கணிப்பு. பொரிந்த முதல் சில நாட்களுக்கு வயிற்றிலுள்ள மஞ்சள் கருவே அவற்றுக்கு உணவு. பிறகு நீர்ப்பரப்புக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக் காற்றுப்பையை நிரப்பிக்கொண்டு நீந்தத் தொடங்குகின்றன (ஆகவே அந்நாட்களில் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் இருக்கக்கூடாது). மஞ்சள் கரு தீர்ந்து இரண்டு மூன்று நாட்களுக்குள் வாய்க்குள் நுழையக்கூடிய உணவு கிடைக்கவில்லை என்றால் உடல் தளர்ந்துவிடும். அதன்பின் எதைக் கொடுத்தாலும் பயனில்லை. எட்டாம் நாள் என்ற கணக்கு இதனோடு பொருந்துகிறது. நாம் விரலால் பொடித்த தீவனம் நம் கண்ணுக்குத்தான் தூள். குஞ்சுக்கு அது பாறை. தின்னப்படாமல் அடியில் தங்கி அழுகி, அந்தச் சிறு தொட்டியில் அம்மோனியாவையும் ஏற்றியிருக்கும்.

ஆகவே உணவை முதலில் வளர்த்துவிட்டு, அதன் பிறகே மீன்களைச் சேர்த்து விடுங்கள். ஒரு கண்ணாடிச் சாடியில் தொட்டித் தண்ணீரை நிரப்பி, பாசித் துணுக்கு ஒன்றையும் வெந்நீரில் போட்டெடுத்த கீரை இலை ஒன்றையும் இட்டு, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். முதலில் பாக்டீரியாவால் பால்போலக் கலங்கும். சில நாட்களில் தெளியத் தொடங்கும்போது, சாடியின் பின்புறம் டார்ச் அடித்துப் பார்த்தால் தூசி போன்ற வெண்புள்ளிகள் தாமாகவே ஊர்வது தெரியும். பாரமீசியம் போன்ற அந்த நுண்ணுயிர்களைத் துளிக்குழாயால் எடுத்து நாளுக்கு மூன்று முறை விடுங்கள்.

ஒன்பது, பத்து நாள் ஆனதும், முட்டையிலிருந்து அப்போதே வெளிவந்த ஆர்ட்டீமியாவைக் (இறால் போன்ற நுண்ணிய உப்புநீர் உயிர்) கொடுக்கலாம். லிட்டருக்கு 25 கிராம் உப்பு, 28 டிகிரி வெப்பம், இடைவிடாத காற்றுக் குமிழ் ஆகியவை இருந்தால் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தியதும் ஓடுகள் மேலே மிதக்கும். ஆரஞ்சு நிற உயிர்கள் வெளிச்சத்தை நோக்கித் திரளும். உப்பை அலசிவிட்டு ஊட்டுங்கள். சற்று நேரத்தில் குஞ்சின் கண்ணாடி போன்ற வயிறு ஆரஞ்சாக மாறியிருந்தால் அது தின்றுவிட்டது என்று பொருள். மாறாதவை இன்னும் சிறியவை. அவற்றுக்காகச் சாடித் தண்ணீரையும் இன்னும் சில நாள் தொடருங்கள்.

பதில் 2

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். முட்டையைப் பற்றி மட்டும் சிறிது சேர்க்கிறேன். டானியோக்கள் தம் முட்டைகளைத் தாமே தின்பவை. உங்களுக்கு நூறு கிடைத்தது என்றால் இட்டது அதைவிட அதிகமாகவே இருக்கும். அடியில் கோலிக்குண்டுகளை இரண்டு அடுக்காகப் பரப்பிவிட்டால், ஒட்டும் தன்மையற்ற அந்த முட்டைகள் இடுக்குகளில் விழுந்து தப்பிவிடும். தண்ணீர் ஒரு சாண் உயரம்கூட வேண்டாம். ஆழம் குறைந்தால் முட்டை கீழே சேரும் முன் தின்ன நேரமிராது. மாலையில் விட்டு, மறுநாள் நண்பகலுக்குள் பெரிய மீன்களை எடுத்துவிடுங்கள். வெளுத்துப்போன முட்டைகள் கருவுறாதவை. பூஞ்சை பரவுமுன் அவற்றை அகற்றினாலே போதும், மருந்து ஊற்றும் பழக்கம் எனக்கு இல்லை. வடிகட்டியாக மெல்லக் குமிழிடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தவிர வேறெதையும் வைக்காதீர்கள். பெரிய தொட்டியில் சில வாரம் ஓடிய ஸ்பாஞ்சாக இருந்தால் இன்னும் நல்லது.

பதில் 3

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: வழி உண்டு, ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தொட்டியின் ஒரு மூலையில் ஜாவா பாசி என்ற நீர்ச்செடியை அடர்த்தியாக வளர விடுங்கள். செர்ரி பார்ப் முட்டைகள் செடிகளில் ஒட்டுபவை. வாரம் ஒருமுறை ஒரு பிடி பாசியைப் பிய்த்து, அதே தண்ணீர் நிரப்பிய வேறொரு பாத்திரத்தில் போட்டு வைத்தால் சில நாட்களில் நாலைந்து குஞ்சுகள் தென்படக்கூடும். கோரிடோரஸ் முட்டைகள் கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கும். அவை சற்றே இறுகியதும் விரலால் மெதுவாக உருட்டி எடுத்துவிடலாம்.

கப்பிகளுக்கு மிதக்கும் செடிகளே போதும். குட்டிகள் பிறந்த உடனேயே நீந்தித் தின்னக்கூடியவை, நீங்கள் பொடித்த அதே தீவனத்தை அவை தின்றுவிடும். சினைக் கப்பியைச் சிறு கூண்டில் அடைப்பதை நான் விரும்புவதில்லை. அந்தப் பதற்றமே அதற்குக் கேடாகிறது. பெண் கப்பி ஒருமுறை பெற்ற விந்தணுக்களைப் பல மாதங்கள் சேமித்து வைத்து, ஏறத்தாழ நான்கு வாரத்திற்கு ஒருமுறை ஈன்றுகொண்டே இருக்கும். உங்கள் கவலை விரைவில் குட்டிகளை எங்கே வைப்பது என்பதாக மாறலாம். மிகுந்தால் குளத்திலோ வாய்க்காலிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. சாடி வைத்து நான்கு நாள் ஆகிறது. வெளிறிய கலங்கலும் முட்டை அழுகியது போன்ற வாடையும் இருக்கின்றன. ஊரும் புள்ளிகள் எதுவும் தெரியவில்லை. கொட்டிவிடட்டுமா?

பதில் 1

கொட்ட வேண்டாம். இலை அதிகமாகிவிட்டது. அதை எடுத்துவிட்டு, பாதித் தண்ணீரை மாற்றி, காற்றுக் குழாயை மெல்லக் குமிழிட விடுங்கள். வாடை நீங்கி, டார்ச் வெளிச்சத்தில் புள்ளிகள் ஊரும் நாள் வரை ஆணையும் பெண்ணையும் பிரித்தே வையுங்கள்.