மினொக்சிடில்: திரவமோ, நுரையோ?

சுன்னாகம்_தம்பி
உச்சியில முடி ஐதாகுது எண்டு தோல் டொக்டர் மினொக்சிடில் 5% எழுதித் தந்தவர். ஒரு மாதமாத் திரவம் பூசுறன். தலை கடிக்குது, வெள்ளைப் பொடியும் உதிருது. நுரைக்கு மாறினா நிக்குமோ? விலை கூட. கிழமைக்கு ரெண்டு தரம் நல்லெண்ணெய் வைச்சு முழுகிறனான், அதையும் விடவேணுமோ?

பாமசி_அண்ணை
தம்பி, மருந்து ரெண்டிலயும் ஒண்டுதான். திரவத்தில அது கரைஞ்சு நிக்கிறதுக்கு அல்ககோலோட புரொப்பிலீன் கிளைக்கோலும் சேர்ப்பினம். கடியும் சிவப்பும் பெரும்பாலும் அந்தக் கிளைக்கோலாலதான் வாறது. நுரையில அது இல்லை, அதால மாறிப் பாக்கலாம். நுரையிலயும் கடி நிக்காட்டி மருந்தே ஒத்துக்கொள்ளேல்லைப் போல. நிப்பாட்டிப்போட்டு டொக்டரிட்டக் காட்டுங்கோ.

வெள்ளைப் பொடியைப் பொடுகெண்டு நினைச்சுப் பயப்பிடாதேங்கோ. அல்ககோல் பறந்தாப் பிறகு மருந்து காய்ஞ்சு படியிறதும் அப்பிடித்தான் இருக்கும். தோல் சிவந்து உரிஞ்சா அது வேற கதை.

அளவு: திரவம் ஒரு தரத்துக்கு 1 மில்லிலீற்றர், நுரை அரை மூடி. ரெண்டும் காலையும் இரவும். கூடப் பூசினா முடி கூட வராது, நெஞ்சு படபடப்பும் தலைச்சுத்தும்தான் வரும்.

கோப்பாய்_அக்கா
நுரை எங்கட வெயிலுக்குக் கொஞ்சம் சிக்கல். சூடான விரல்ல பட்ட உடன உருகி ஓடும். விரலைக் குளிர்தண்ணியில கழுவி, வடிவாத் துடைச்சுப்போட்டு எடுங்கோ. முடியை வகுந்து, தோல் தெரியிற இடத்தில வைச்சு அழுத்தவேணும். முடிக்கு மேல தடவினா மருந்து முடியிலதான் நிக்கும். நீள முடிக்காரருக்குத் திரவம்தான் லேசு, துளிசொட்டியால வகிட்டில நேர விடலாம். உங்கட முடி கட்டையெண்டா நுரை போதும். டப்பாவுக்குள்ள தீப்பிடிக்கிற வாயு இருக்கு. அடுப்படியிலயும் வெயில் படுற யன்னலிலயும் வையாதேங்கோ.

எண்ணெயை விடத் தேவையில்லை. ஆனா எண்ணெய்த் தலையில பூசினா மருந்து தோலுக்குப் போய்ச் சேராது. முழுகி, சம்பூ போட்டு, தலை காய்ஞ்ச பிறகு பூசுங்கோ. அதுக்குப் பிறகு 4 மணித்தியாலம் தலையில தண்ணி படக்கூடாது. படுக்கப்போறதுக்கு 2 மணித்தியாலம் முந்திப் பூசினாத்தான் தலையணையில ஒட்டாது. வீட்டில பூனை இருந்தா நல்லாக் கவனம்: தலையணையை நக்கினாலே அதுக்கு உயிராபத்து.

சுன்னாகம்_தம்பி
நன்றி அக்கா, அண்ணை. பூசத் தொடங்கினாப் பிறகு முன்னையை விடக் கூடக் கொட்டுது. கிணத்துத் தண்ணியாலயோ?

பாமசி_அண்ணை
எங்கட சுண்ணாம்புத் தண்ணி முடியை முரடாக்கி நடுவில முறிக்கும், வேரைத் தொடாது. கொட்டின முடியைக் கையில எடுத்து நுனியைப் பாருங்கோ. ஒரு முனையில வெள்ளையாச் சின்னக் குமிழ் இருந்தா வேரோட வந்தது. தொடங்கி 2 தொடக்கம் 8 கிழமைக்குள்ள அப்பிடிக் கொட்டுறது வழமை. புது முடி கிளம்பேக்க பழசு விழும். அதைக் கண்டு பயந்து கனபேர் இடையில விடுகினம், அதுதான் மனவருத்தம். ஆகக் குறைஞ்சது 4 மாதம் பூசவேணும். வந்தாப் பிறகு விட்டாலும் 3, 4 மாதத்தில திரும்பக் கொட்டிப்போடும்.

வட்டமாத் திட்டுத் திட்டாக் கொட்டினா எங்களைக் கேட்டுக்கொண்டு இராமல் டொக்டரிட்டப் போங்கோ.

கோப்பாய்_அக்கா
வீட்டில ஆரும் பிள்ளைத்தாச்சியா, பால் குடுக்கிறவையா இருந்தா இந்தப் போத்தலை எடுத்துப் பூசவேண்டாமெண்டு சொல்லிவையுங்கோ.